மரிசெல் வேலைக்கு வந்தால் கடல் வரும்

தங்கபுஷ்பம் தன் சேவுக் கடைக்கு வெளிநாட்டில் ஆள் வைத்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் எண்ணெய்க்காரர் தெருவுக்குக் கடல் வந்தது. வந்ததில் ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. தெரு முக்கில் திரும்பி, டீக்கடையைத் தாண்டி, சாக்கடை ஓடுகிற வாறுகாலை நிரப்பி, போட்டிருந்த கோலங்களைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்து, சேவுக் கடை வாசலில் முழங்கால் உயரத்துக்கு நின்று மூச்சு வாங்கியது. சாத்தூர்க்காரர்களான நாங்கள் வைப்பாற்றில்கூட மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள், ஆகவே குழாய்தான் உடைந்துவிட்டதென்று நகராட்சிக்கு போன் போட்டோம். யாரோ விரலைத் தொட்டு நாக்கில் வைத்து உப்பு என்றதும், அப்படியானால் இதற்கு நம்மிடம் தண்ணீர் வரி கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

ஆள் வைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் சேவுக் கடையில்தான் விழ வேண்டும், அத்தனை கடைகள். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாகப் பாடுபட்ட தங்கபுஷ்பம், கட்டிய புருஷன் ராஜகனி அண்ணாச்சியைக்கூடக் கேட்காமல் இன்டர்நெட்டில் ஒரு கடை திறந்தாள். சிட்னியிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம் ஆட்கள் காராச்சேவு வாங்கினார்கள், வாங்கியதோடு சும்மா இருக்காமல் இங்கிலீஷில் கேள்வியும் கேட்டார்கள்: பார்சல் எங்கே வருகிறது, காரம் தூக்கலா மட்டா, பூண்டு போட்டதா போடாததா. வாணலியில் எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும்போது பூண்டைப் பற்றி யார் உட்கார்ந்து எழுதுவது? உள்ளூரில் வைத்த பிள்ளைகள் இங்கிலீஷ் நன்றாக வந்ததும் சென்னைக்கு ரயிலேறினார்கள். கடைசியில், உலகத்து ஆட்களெல்லாம் வீட்டில் இருந்தபடியே வேலை தேடி நிற்கிற ஏதோ ஒரு தளத்தில் தங்கபுஷ்பம் போய்த் தேடிப் பிடித்த பெண்தான் மரிசெல்.

பிலிப்பைன்ஸில் ஒரு சின்னத் தீவு, பின்வாசலைத் திறந்தால் கடல், அம்மா இல்லை, புருஷன் சரக்குக் கப்பலில் போயிருக்கிறான். இவ்வளவுதான் அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது. தங்கபுஷ்பம் போனைப் பார்த்துத் தமிழில் பேசுவாள், போன் அதை இங்கிலீஷாக்கி அனுப்பும். மரிசெல் எழுதுவதை அதே போன் செய்தி வாசிக்கிறவர் குரலில் தமிழாக்கிச் சொல்லும். அவள் ஊரில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் நமக்கு ஆறரை. உட்கார்ந்ததும் கடல் வரும், எழுந்ததும் போகும். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற மாதிரி, கடல் கிடந்தால் மரிசெல் வேலையில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டோம். ஏன் எப்படி என்று விளக்க வந்த ஒரு பௌதிக வாத்தியாருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

ஒரு தெருவுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சண்டை வரும், பிறகு பழக்கம் வரும், பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஆகும். கடலும் அப்படித்தான் ஆனது. பைக்குகளை எங்கே நிறுத்துவது என்று சண்டை போட்டோம், வீட்டு ஓனர்கள் கடற்கரை வீடு என்று சொல்லி வாடகையைக் கூட்டியதற்குச் சண்டை போட்டோம், பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிவிடச் சொல்லி மனு கொடுத்ததற்குச் சண்டை போட்டோம், கவுன்சிலர் தானே முயற்சி எடுத்துக் கொண்டுவந்ததாக பேனர் கட்டியதற்கு மட்டும் சிரித்தோம். பூக்கட்டி விற்கிற சண்முகத்தாய், கடல் என்று ஒன்று இருந்தால் சுண்டல் இருக்க வேண்டும் என்று சொல்லி மாங்காய் போட்டுச் சுண்டல் விற்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மரிசெல் மாதா கோயிலுக்குப் போவாள், கடல் வராது, அன்றைக்குத் தெருவைக் கூட்டுவோம். ஆடி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தபோது மட்டும், திருச்செந்தூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் பிடிக்க முடியாத ஊர் ஜனமெல்லாம் சேர்ந்து கேட்டுக்கொண்டதால், அவள் என்ன ஏது என்று தெரியாமலே ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு ஆர்டருக்குப் பதில் எழுதினாள். அதற்குள் பாதிச் சாத்தூர் முங்கி எழுந்து தாத்தா பாட்டனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டது.

அவளுக்கும் எங்கள் வழக்கங்கள் ஒட்டின. போணி என்றால் என்ன என்று தங்கபுஷ்பம் சொல்லிக்கொடுத்தாள்: நாளின் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். மரிசெல் அதை அட்சரம் பிசகாமல் செய்ததில், காலை ஆறரைக்கு முண்டியடித்து ஆர்டர் போட ஆஸ்திரேலியாவில் ஒரு கூட்டமே உருவானது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவள் வந்தபின் திட்டி எழுதுகிறவர்கள் குறைந்து, வாழ்த்தி எழுதுகிறவர்கள் கூடியிருந்தார்கள் என்பதால் வாய் திறக்கவில்லை.

பங்குனி வாக்கில் கடலின் போக்கு மாறியது. காலையில் வந்ததும் நுரை நுரையாகக் கக்கியது. வாணலியில் முதல் ஈடு விழுந்து எண்ணெய் வாடை கிளம்பியதும் கடை வாசலிலிருந்து சட்டென்று பின்வாங்கி எதிர்ச்சாரியில் போய் ஒதுங்கிக்கொண்டது. சண்முகத்தாயின் கூடைப் பக்கம் மட்டும் அலை மேல் அலையாகப் போய், சுண்டலைத் தொடாமல் மாங்காய்த் துண்டுகளை வாரிக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் பொறுத்த சண்முகத்தாய் மூன்றாம் நாள் கடைக்குள் வந்து தங்கபுஷ்பத்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மதினி, இது மசக்கைதான். நாலு பெத்தவ சொல்றேன்."

"கடலுக்கு மசக்கையாம்ல! கூறு கெட்டுப் பேசாதீக" என்றார் கல்லாவில் இருந்த அண்ணாச்சி.

"கடலுக்கு இல்ல அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்கு."

தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தண்ணீரில் காலை வைத்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவளாகச் சொல்லட்டும், நாமாகக் கேட்டால் கண்ணு பட்டுவிடும் என்று முடிவானது. அவள் சொல்லவே இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது, நுரை நின்றது, கடல் கனத்துத் தொடை வரை உயர்ந்தது, முக்கில் திரும்பும்போதே இளைத்தது, டீக்கடையருகில் ஒரு தரம் நின்று இடுப்பில் கை வைத்த மாதிரி தாமதித்து வந்தது. அப்போதும் அவள் மூச்சு விடவில்லை. ஆவணி பிறந்தபோது பெண்களால் இருப்புக்கொள்ள முடியவில்லை. ஏழாம் மாதமா எட்டாம் மாதமா என்று தெரிந்தால்தானே வளைகாப்புக்கு நாள் பார்க்க முடியும்? எட்டில் போடக்கூடாதே, ஏழிலோ ஒன்பதிலோதானே போட வேண்டும்?

ஆகவே ஒரு காலையில் தங்கபுஷ்பம் போனை வாயருகில் வைத்துக் கேட்டாள்: "ஏ தாயி, எத்தன மாசம்?"

எங்கள் பக்கத்தில் இது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்கிற கேள்வி. மரிசெல் எழுதிய பதிலைச் செய்தி வாசிக்கிற குரல் சொன்னது: "என் வேலையில் ஏதேனும் குறை உள்ளதா?" இந்தப் பதிலில் இருந்த பயம் எங்கள் பெண்களுக்கு விளங்கவில்லை. விளங்காததால் போனை ஆளுக்கு ஆள் பிடுங்கிக் கேட்டார்கள்: கூட யாரு இருக்கா, எப்ப நாள் குறிச்சிருக்காக, கால் வீங்குதா, இத்தன நாளா எங்ககிட்ட ஏன் மறைச்ச? கடல் அன்றைக்குக் காற்றே இல்லாமல் நடுங்கியதை எல்லாரும் பார்த்தோம். குளிருக்கு என்று நினைத்தோம்.

மறுநாள் ஆறரைக்குக் கடல் வரவில்லை. ஏழுக்கு வரவில்லை. எட்டு மணிக்கு போன் வாசித்தது: "நீங்கள் கேட்ட கேள்விகளின் பொருள் எனக்குத் தெரியும். இதற்கு முன் நான் வேலை பார்த்த இடத்திலும் இதைத்தான் அன்பாகக் கேட்டார்கள். மறுநாள் காலையில் என்னை நீக்கியிருந்தார்கள். இந்த முறை நானே போய்விடுகிறேன். வாய்ப்புக்கு நன்றி." தங்கபுஷ்பம் திரும்பப் பேசியது எதுவும் போய்ச் சேரவில்லை. அவள் எங்களை பிளாக் பண்ணி வழியை அடைத்துவிட்டிருந்தாள்.

தெரு காய்ந்தது. தார் ரோட்டில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. கடல் போனதற்காக நாங்கள் அழுதோம் என்று பக்கத்துத் தெருவில் பேசிக்கொண்டார்கள், அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி வேலையும் இல்லாமல் துணையும் இல்லாமல் எங்கோ ஒரு தீவில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை அங்கே அப்படி உட்காரவைத்தது எங்கள் வாய். இந்த நினைப்பில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"என்னய அப்படி நெனச்சுட்டாளே, நான் அப்படியாப்பட்டவளா?" என்று தங்கபுஷ்பம் மாவு பிசைந்தபடியே அழுதாள்.

"தீபாவளி வருது. அழுதா ஆர்டர் போகுமா? வேற ஆளப் பாரு" என்றார் அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிதான் சேவுக் கடைக்கு அறுவடை, அதில் கோட்டை விட்டால் வருஷம் முழுக்க முழி பிதுங்கும்.

அண்ணாச்சியே தேடி, ஏதோ ஒரு மலைநாட்டு இளைஞனை வேலைக்கு வைத்தார். கெட்டிக்காரப் பையன், கேள்வி வந்து விழுமுன் பதில் போட்டான். ஆனால் அவனோடு பனிமூட்டம் வந்தது. எங்கள் வீட்டு வாசல் எங்களுக்கே தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்காற்றில் இத்தனை மாதம் நமுக்காத சேவு அந்தப் பனியில் ஒரே நாளில் நமுத்துப்போனது. சேவுக்கும் ஆள் தெரியும்போல. சாயங்காலம் பையனுக்கு நன்றி சொல்லி அண்ணாச்சி அனுப்பிவைத்தார்.

தங்கபுஷ்பம் அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மரிசெல் நம்மை அடைத்திருக்கலாம், வேலை தேடுகிறவர்கள் பார்க்கிற பலகையை அடைத்திருக்க மாட்டாள் இல்லையா? வேலை இல்லாதவள் அதைத்தானே தினம் பார்ப்பாள்? மரிசெல்லைப் பிடித்த அதே தளத்தில் தங்கபுஷ்பம் புதிதாக ஒரு வேலையை விளம்பரம் செய்தாள். அவள் சொல்லச் சொல்ல போன் இங்கிலீஷாக்கியது.

"வேலை: பிள்ளை பெறுவது. செய்ய வேண்டியது: நேரத்துக்குச் சாப்பிடுவது, மத்தியானம் படுப்பது, கனத்த குடம் தூக்காமல் இருப்பது, பிள்ளை பிறந்தபின் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. காலம்: பிள்ளை தலை நிற்கும் வரை, அதன்பின் பழைய வேலை காத்திருக்கும். சம்பளம்: பழைய சம்பளம். தகுதி: கடலோரத்தில் வீடு. இப்போது எத்தனை மாதம் என்று நாங்கள் கேட்க மாட்டோம்."

"எத்தன மாசம்னு கேக்காம வளைகாப்பு எப்படிப் போடுறது?" என்றாள் சண்முகத்தாய்.

"வாய மூடு மதினி. கேட்டுத்தான் இந்தக் கதியாச்சு."

வேலையின் தன்மை தெளிவாக இல்லை என்று தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அதைச் சட்டை செய்யாமல் உலகம் முழுக்க விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் இந்த வேலையை மூன்றே வாரத்தில் முடித்துத் தருவதாக எழுதினார். ஒருவர் பாதிச் சம்பளம் போதும் என்றார். ஒரு நிறுவனம், ஒரே சமயத்தில் பத்து வரை செய்து தரும் வசதி தங்களிடம் இருப்பதாகவும் திருப்தி இல்லையென்றால் இலவசமாகத் திருத்தித் தருவதாகவும் தெரிவித்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தைத் திறக்கும்போதும் தெருவில் அந்த ஊர்க் காற்று ஒரு வாய் வீசி அடங்கியது. ஈர மண், பைன் மரம், பாலைவனச் சூடு, தெரியாத ஏதோ ஒரு ரொட்டி. உப்புக் காற்று மட்டும் வரவில்லை. ஒரு வாரம் பத்து நாள் தங்கபுஷ்பம் ஒன்றுவிடாமல் திறந்து மூக்கைத் தூக்கிப் பார்த்து மூடினாள்.

பிறகு ஒரு மத்தியானம், கல்லாவில் இருந்த அண்ணாச்சிதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். "ஏ புள்ள, போனப் பாரு" என்றார்.

மரிசெல்தான். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "நான் வேலையே செய்யாமல் இருந்தால், நான் வேலை செய்கிறேன் என்பதை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்?"

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஒண்ணும் காட்ட வேண்டாம் தாயி. இங்க தெருவுக்குக் கடல் வந்தா, நீ நல்லா இருக்கன்னு தெரிஞ்சுக்கிருவோம்."

இதற்கு மரிசெல் என்ன பதில் எழுதினாள் என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் கணுக்கால் நனைந்துவிட்டது.

மறுநாள் முதல் கடல் வந்து சும்மா படுத்துக் கிடந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. கடை வாசலில் சுருண்டு படுத்து மெதுவாக ஏறி இறங்கியது. நாங்கள் பைக்கை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனோம். காய்கறி வண்டிக்காரர் தன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டி விற்றார். வெளிநாட்டுக் கேள்விகளுக்குத் தங்கபுஷ்பமும் சண்முகத்தாயும் தாங்களே பதில் பேசினார்கள். டொராண்டோவில் ஒருவர் பார்சல் வரவில்லை என்று கோபமாக எழுதியதற்கு, சாப்பிட்டீர்களா, வெறும் வயிற்றில் கோபப்படக்கூடாது என்று பதில் போனது. ஆர்டர்கள் பாதி தவறின. அண்ணாச்சி முணுமுணுத்தார், முணுமுணுத்துக்கொண்டே கடல் படுத்திருந்த இடத்துக்கு நேராகத் தன் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்.

ஒன்பதாம் மாதம் என்று மரிசெல் தானாகவே ஒருநாள் சொன்னாள். யாரும் கேட்காமல் அவளே சொன்னதில் தெருவுக்குப் பெருமை தாங்கவில்லை. புளியோதரையும் தேங்காய்ச் சோறும் தயிர்ச் சோறுமாகக் கிண்டி, வாழையிலையில் வைத்து, சந்தனம் கரைத்து ஊற்றி, ஒவ்வொருத்தியும் தண்ணீருக்குள் இறங்கி இரண்டிரண்டு கண்ணாடி வளையலை விட்டாள். தரையில் போய்த் தட்டும் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் மரிசெல் போட்டோ அனுப்பினாள்; முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக வளையல்கள், முகத்தில் சிரிப்பு, பின்னால் அவள் வீட்டு வாசலில் சந்தன நிறத்தில் கடல். தங்கபுஷ்பம் அந்தப் போட்டோவைக் கும்பிட்டுவிட்டாள். பெற்ற மகளுக்குச் செய்த மாதிரி இருந்தது என்று எல்லாரிடமும் சொன்னாள்.

தீபாவளிக்கு நெருக்கத்தில், ஒரு பகல் பதினோரு மணிக்கு, படுத்திருந்த கடல் எழுந்தது. கடைகளின் ஷட்டரில் மோதியது, பின்வாங்கியது, மறுபடி மோதியது. ஆண்கள் மாடிக்கு ஓடினார்கள். பெண்கள் ஓடவில்லை, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து, தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"முக்கு தாயி! இன்னொரு தடவ! எங்க ஆத்தா, இன்னும் ஒரே தடவ!" என்று சண்முகத்தாய் தொண்டை கிழியக் கத்தினாள்.

தெரு நீளத்துக்கு ஒரு அலை எழுந்து நின்றது. அது விழுந்ததும் கடல் முழுவதும் ஒரே இழுப்பில் வெளியேறிவிட்டது. தெரு வெறுமையாக, ஈரமாகக் கிடந்தது. பெண்கள் நனைந்த சேலையோடு அப்படியே நின்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் செய்தி இல்லை. மறுநாளும் இல்லை. தங்கபுஷ்பம் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. அண்ணாச்சி அவளிடம் காபியை நீட்டி, "ஒண்ணும் ஆயிருக்காது" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் ஒரு வீட்டிலும் பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை.

அதற்கடுத்த காலையில் தீபாவளிச் சரக்கை ஏற்ற லாரி வர வேண்டும். அண்ணாச்சி பெட்டிகளை வாசலில் அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது, முக்கில் ஏதோ மினுங்கியது. கடல்தான், பழைய உயரம், பழைய நிறம், ஆனால் அது உள்ளே வராமல் முக்கிலேயே நின்றுகொண்டது. அதன் காலடியிலிருந்து, ஒரு சாண் அகலத்தில், விரல் நனைகிற அளவுக்கு, குட்டித் தண்ணீர் ஒன்று கிளம்பி வந்தது. அதற்கு வழி தெரியவில்லை. டீக்கடைப் பக்கம் போய் முட்டித் திரும்பியது, வேகத்தடையில் ஏற முடியாமல் சறுக்கியது, மறுபடி முயன்று ஏறி, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்து, சிதறி, தன்னைத் தானே சேர்த்துக்கொண்டு வந்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அது நேராக வந்து ராஜகனி அண்ணாச்சியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சி அசையவில்லை. உள்ளே போனில் செய்தி வாசிக்கிற குரல், பெண் குழந்தை, இருவரும் நலம் என்று சொல்வதும், தங்கபுஷ்பம் ஓவென்று அழுதபடி ஓடி வருவதும் கேட்டது. அதே நேரத்தில் தெருவின் மறுகோடியில் லாரி வந்து ஹாரன் அடித்தது. குட்டித் தண்ணீர் திடுக்கிட்டுச் சுருங்கியது. அண்ணாச்சி காலை எடுக்காமலே கையைத் தூக்கி லாரியை மறித்தார்.

"நிறுத்துய்யா! ஹாரன் அடிக்காத! பாப்பா தவழ்ந்து வந்துருக்கு, தெரியல?"

"லோடு ஏத்தணும் அண்ணாச்சி, நேரமாச்சு. எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று டிரைவர் கத்தினார்.

"அது போறவரைக்கும் நில்லு" என்றார் அண்ணாச்சி.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்குக் குனிந்தார்.